கிணற்றில் கிடந்த ஜாடி

ஆஷ் கொலை வழக்கில் சுட்டவர் யார் என்ற கேள்விக்கே இடமில்லை. 1911 ஜூன் 17, காலை பத்தரை மணிக்கு மேல், மணியாச்சி ஜங்ஷன். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க மனைவியோடு புறப்பட்ட திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ், முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி, பிரௌனிங் பிஸ்டலால் அவரைச் சுட்டார். பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் நுழைந்து, தன் வாயிலேயே சுட்டுக்கொண்டு இறந்தார். சட்டைப்பையில் அவரே எழுதிய கடிதம் இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு அப்போது ஐந்தே நாள் மிச்சம்.

கொலை அதோடு முடிந்தது. வழக்கு அங்கேதான் ஆரம்பித்தது. வாஞ்சியின் பின்னால் யார் யார் இருந்தார்கள்? அவர்களுக்கு என்ன தெரியும்? அவர்கள்மீது வந்த சாட்சியம் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஜோடனை? நூறாண்டு கடந்தும் இந்தக் கேள்விகளுக்கு வயதாகவில்லை. ஆனால் இவற்றைக் கேட்கும் பழக்கம் நமக்குப் போய்விட்டது. வாஞ்சியின் ஊரைச் சுற்றியிருக்கும் நாம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இலஞ்சியிலிருந்து வாஞ்சியின் ஊரான செங்கோட்டை கூப்பிடு தூரம். ஆனால் 1911-இல் அது வேறு ராஜ்யம். தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷாரின் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவுடையது. 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. வாஞ்சி வேலை பார்த்ததும் திருவிதாங்கூர் வனத்துறையில், மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில். ஆஷ் விழுந்ததும் வெள்ளைக்காரப் போலீஸ் எல்லை தாண்டிச் செங்கோட்டைக்கு வந்து வீடு வீடாகப் புகுந்தது. வாஞ்சியின் வீட்டில் சிக்கிய கடிதங்களை வைத்து ஒட்டப்பிடாரத்து ஆறுமுகம் பிள்ளையைப் பிடித்தார்கள். அவர் அப்ரூவர் ஆனார். பிறகு சோமசுந்தரம் பிள்ளை என்ற இன்னொருவரும் அப்ரூவர் ஆனார்.

வழக்கின் முதுகெலும்பு இந்த இருவரின் வாய்மொழிதான். ரகசியக் கூட்டங்கள் நடந்தன, காளி படத்தின் முன் சத்தியம் வாங்கினார்கள், குங்குமம் கலந்த தண்ணீரை வெள்ளையர் ரத்தமாகப் பாவித்துக் குடித்தார்கள், விரலைக் கீறிக் கைநாட்டு வைத்தார்கள் என்றெல்லாம் இன்று நாம் மேடையில் சொல்லும் காட்சிகளில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. தண்டனையிலிருந்து தப்ப அரசுத் தரப்புக்குப் போனவர்கள் கூண்டில் நின்று சொன்னது அது. அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களின் வக்கீல்கள் அதைப் பொய் என்று நிறுவத்தான் மாதக்கணக்கில் மன்றாடினார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் அப்படி வாதாடியவர்களில் ஒருவர், பின்னாளில் ஆந்திர கேசரி என்று பேர் பெற்ற த. பிரகாசம்.

வாஞ்சியையும் தோழர்களையும் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவர்களுக்கு எதிராகப் போலீஸ் கொண்டுவந்த கதையை ஒரு வரி மாற்றாமல் நம்முடைய வரலாறாக எழுதிவைத்திருக்கிறோம். அது எனக்கு ஆறாத குறை. அந்தக் கதை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது எப்படி நிரூபிக்கப்பட்டது என்று பார்க்காமல் ஏற்றுக்கொள்வது, கூண்டில் நின்றவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

போலீஸ் ஜோடனை செய்திருக்கும் என்று சந்தேகப்பட ஆதாரம் உண்டா? உண்டு. அது இருந்தது புதுச்சேரியில்.

கொலைக்குப் பிறகு பிரிட்டிஷ் சி.ஐ.டி.யின் கண் முழுவதும் புதுச்சேரி மேல் பதிந்தது. வ.வே.சு. ஐயர், பாரதி, மண்டயம் சீனிவாசாச்சாரி ஆகியோர் பிரெஞ்சுக் கொடியின் கீழ் அங்கே இருந்தார்கள். 1911-இன் தொடக்கத்தில் வாஞ்சியும் புதுச்சேரி போய்வந்திருந்தார். ஐயரிடம் அவர் துப்பாக்கி சுடப் பழகினார் என்ற பேச்சு இன்றும் உண்டு. அவர்களை எப்படியாவது ஆஷ் வழக்கில் கோக்க வேண்டும். ஆனால் பிரெஞ்சு எல்லைக்குள் புகுந்து கைது செய்ய முடியாது. இவர்கள் ஆபத்தானவர்கள் என்று பிரெஞ்சு அரசாங்கமே நம்பி ஒப்படைத்தால்தான் வழி.

அந்தச் சமயத்தில் ஒருநாள் ஐயர் வீட்டுக் கிணற்றில் வேலைக்காரப் பெண் தண்ணீர் இறைத்தபோது, வாளியோடு ஒரு ஜாடி மேலே வந்தது. வாய் இறுக மூடியிருந்தது. திறந்தால் உள்ளே ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்களும் காளி படமும் இருந்தன. மணியாச்சிக்குப் பிறகு போலீஸ் தேடிக்கொண்டிருந்த சரக்கு அத்தனையும் ஒரே ஜாடிக்குள்.

ஐயர் வீட்டில் அந்த நிமிஷம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எரித்துவிடலாம், புதைத்துவிடலாம், வேறு கிணற்றில் போட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அதில் எதைச் செய்திருந்தாலும் வலை விரித்தவனுக்கே கொண்டாட்டம். சாட்சியத்தை அழித்த குற்றமும் கூடவே சேர்ந்திருக்கும். பாரதி சொன்ன யோசனை வேறு: இப்போதே, நாமே, பிரெஞ்சுப் போலீசாரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். அப்படியே செய்தார்கள். பின்னால் புகாரின்பேரில் பிரெஞ்சு மாஜிஸ்திரேட் வந்து சுதேசிகளின் வீடுகளைச் சோதித்தபோது, பிடித்துப்போக ஒன்றுமில்லை. புகாரின் பின்னணியில் இருந்த மயூரேசன் என்ற உள்ளூர்க்காரர் பிரிட்டிஷ் தரப்பின் கையாள் என்று வெளிப்பட்டது. அவர் புதுச்சேரியை விட்டே ஓடினார்.

இதைப் பாரதியின் சமயோசிதத்துக்கு உதாரணமாக எல்லோரும் சொல்கிறார்கள். அது சரிதான். எனக்கு அதில் அச்சமூட்டுவது வேறொன்று. ஜாடி அன்று வாளியில் சிக்கியது தற்செயல். மாஜிஸ்திரேட்டே ஆளை இறக்கிக் கிணற்றிலிருந்து எடுத்திருந்தால், சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால், “எங்களுக்குத் தெரியாமல் யாரோ போட்டது” என்ற பேச்சை யார் நம்பியிருப்பார்கள்? மண்டயத்தாரும் ஐயரும் பாரதியும் எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்டிருந்தால், பிற்காலத்துப் பாரதியின் பாடல்கள் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்?

புதுச்சேரியில் ஜாடி போட்டவர்கள் திருநெல்வேலியிலும் போட்டிருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்று நடந்ததால் மற்றொன்றும் நடந்தது என்று ஆகிவிடாது. ஆனால் ஒரே கொலையைத் துப்புத் துலக்கிய கூட்டம், ஒரு முனையில் ஜோடனைக்குத் துணிந்தது தெரிந்த பிறகு, மறுமுனையில் அது கொண்டுவந்த ஒவ்வொரு காகிதத்தையும் இரண்டு முறை புரட்டிப் பார்ப்பதுதான் முறை. ‘பறங்கி நாசினி அச்சுக்கூடம்’ என்று பேர் போட்டு வந்த பிரசுரங்கள், ‘ஆரியர்களுக்கோர் ஆப்த வாக்கியம்’, அபிநவ பாரத சமாஜத்தில் சேர்வதற்கான பிரமாணப் பத்திரம் எல்லாம் வழக்கில் வந்தன. பிரசுரங்கள் இருந்தன என்பதில் சந்தேகமில்லை. அதைக் கையில் வைத்திருந்தவனுக்குக் கொலைத் திட்டம் தெரியுமா என்பதுதான் சட்டம் கேட்ட கேள்வி.

விசாரணை நடந்த முறையையும் சொல்ல வேண்டும். 1908-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஜூரி கிடையாது. உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட தனி அமர்வுதான் எல்லாம். தலைமை நீதிபதி சர் ஆர்னால்டு ஒயிட், எய்லிங், சங்கரன் நாயர். பதினாலு பேர் எதிரிகள். முதல் எதிரி எருக்கூர் நீலகண்ட பிரம்மச்சாரி, அப்போது இருபத்திரண்டு வயது வாலிபர். கொலை நடந்த அன்று அவர் திருநெல்வேலிச் சீமையிலேயே இல்லை; வடநாட்டில் இருந்தார். வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணன், மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை, செங்கோட்டைச் சாவடி அருணாசலம் பிள்ளை ஆகியோர் மற்ற எதிரிகளில் சிலர்.

1912 பிப்ரவரியில் வந்த தீர்ப்பில் ஒன்பது பேருக்குத் தண்டனை, ஐந்து பேர் விடுதலை. நீலகண்டருக்கு ஏழு ஆண்டு, சங்கரகிருஷ்ணனுக்கு நான்கு, மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. ஒரு ஜில்லா கலெக்டரைச் சுட்டுக்கொன்ற வழக்கில் ஒருவர்கூடத் தூக்குமேடைக்கோ அந்தமானுக்கோ போகவில்லை. சுதேசிக் கப்பல் ஓட்டி மேடையில் பேசிய வ.உ.சி.க்கு 1908-இல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆஷ் வழக்கில் சாட்சியம் எவ்வளவு தூரம் தாங்கியது, எங்கே தாங்காமல் போயிற்று என்பதை அந்தத் தண்டனைகளே காட்டும்.

மூன்று நீதிபதிகளும் ஒத்துப்போகவும் இல்லை. சங்கரன் நாயர் தனித் தீர்ப்பு எழுதினார். திருநெல்வேலியில் சுதேசி இயக்கம் எழுந்ததையும், கப்பல் கம்பெனியையும், 1908 மார்ச் கலவரத்தையும் விரிவாகப் பேசி, இந்த வாலிபர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டிவிட்டுத்தான் சாட்சியத்துக்குள் போனார். தண்டனை பெற்றவர்கள் விடவில்லை. வழக்கு முழு அமர்வுக்குப் போயிற்று. அங்கே விவாதித்தது இதைத்தான்: ஓர் அப்ரூவர் கூண்டில் சொன்னதற்கு, அதே அப்ரூவர் முன்னொரு நாள் சொன்னதையே ஆதரவுச் சாட்சியமாகக் கொள்ளலாமா? தன் பேச்சுக்குத் தானே சாட்சி ஆக முடியுமா? தண்டனை மாறவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை இந்தியக் கோர்ட்டுகள் அதன்பின் வெகுகாலம் மேற்கோள் காட்டின. 2024 வரை நடப்பில் இருந்த 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் அப்ரூவர் பேச்சை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்று ஒரு பிரிவில் சொன்னது; அவன் நம்பத் தகாதவன் என்று நீதிமன்றம் கொள்ளலாம் என்று இன்னொரு பிரிவில் சொன்னது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பல பேருடைய ஆயுள் கழிந்திருக்கிறது.

இதெல்லாம் பழைய கதை, எங்களுக்கு என்ன என்று இந்தப் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஏனென்றால் 2016 ஜூலை 1 இரவு, செங்கோட்டை பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் இளைஞரைப் போலீஸ் பிடித்தது. ஜூன் 24 காலையில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கு அது. பிடிக்கப் போனபோது அவரே கழுத்தை அறுத்துக்கொண்டார் என்றது போலீஸ். இல்லை, போலீஸ்தான் அறுத்தது என்றது குடும்பம். செப்டம்பர் 18-ஆம் தேதி புழல் சிறையில் அவர் இறந்தார். மின்கம்பியைக் கடித்தார் என்று சொல்லப்பட்டது. குடும்பம் அதையும் ஏற்கவில்லை. வழக்கு விசாரணைக்கே வரவில்லை.

அன்றிலிருந்து தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை டீக்கடைகளில் அந்தப் பேச்சு ஓயவில்லை. அவன்தான் செய்தான் என்பார் ஒருவர். பொய்க்கேஸ் என்பார் அடுத்தவர். கஞ்சா பொட்டலத்தைத் தானே வைத்துத் தானே எடுப்பது, கைப்பற்றும்போது இல்லாத ஆளை மகஜரில் கையெழுத்துப் போட வைப்பது என்றெல்லாம் கேள்விப்பட்டுப் பழகிய ஜனங்கள் அப்படித்தான் சந்தேகப்படுவார்கள். இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: நம் யாருக்கும் தெரியாது. ரத்தக்கறைச் சட்டை, கேமராப் படம், அரிவாள் எதையும் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கேள்வி கேட்டுச் சோதிக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பறிகொடுத்த வீட்டாருக்கும் பதில் கிடைக்கவில்லை, அந்தப் பையனின் வீட்டாருக்கும் கிடைக்கவில்லை. போலீஸ் சொன்னதாலேயே உண்மை என்பதும், போலீஸ் சொன்னதாலேயே பொய் என்பதும் சோதிக்காத நம்பிக்கையே.

இந்தக் கோளாறு இப்போது ஆஷ் கதையிலும் புகுந்திருக்கிறது. வாஞ்சியின் கடிதத்தில் சனாதன தர்மம் பற்றிய வரிகள் உண்டு. அவற்றை மறைக்கக் கூடாது, நேர்மையாகப் பேச வேண்டும். ஆனால் பிரசவ வேதனையில் இருந்த தாழ்த்தப்பட்ட பெண்ணை ஆஷ் துரை அக்கிரகாரத் தெரு வழியாக வண்டியில் ஏற்றிப்போனார், அதனால்தான் கொலை என்று ஒரு கதை சுற்றுகிறது. வழக்கின் சாட்சியங்களில் அப்படி ஒரு சம்பவம் இல்லை. சாதிக் கொடுமை உண்மை, அன்றைய அக்கிரகாரங்களின் தீண்டாமை உண்மை. அந்த உண்மைகளுக்கு ஜோடித்த சாட்சி தேவையே இல்லை.

நீலகண்டர் நீண்ட காலம் இருந்தார். 1922-இல் மீண்டும் கைதாகிப் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். பிறகு துறவியாகி, நந்தி மலையில் ஓம்கார் சுவாமி என்ற பேரில் வாழ்ந்து 1978-இல் காலமானார். தன் தரப்பைச் சொல்ல அவருக்கு ஆயுள் இருந்தது. ஒட்டப்பிடாரம் மாடசாமி போலீஸ் கையில் சிக்கவேயில்லை. மணியாச்சியில் வாஞ்சியோடு கூட நின்றதாகச் சொல்லப்படும் அவர் என்ன ஆனார் என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. பாரதி 1918-இல் பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்து கைதாகி, கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையானதும் நம் பக்கத்துக் கடையத்துக்குத்தான் வந்தார்.

தர்மராஜ ஐயரும் வெங்கடேசுவர ஐயரும் விசாரணை வரையிலும்கூட இருக்கவில்லை. போலீஸ் தேடுகிறது என்று தெரிந்ததும் ஒருவர் நஞ்சு குடித்தார், மற்றவர் கழுத்தை அறுத்துக்கொண்டார். குற்றம் செய்ததால் பயந்தார்களா, செய்யாத குற்றத்துக்கு அடி வாங்கப் பயந்தார்களா, காட்டிக்கொடுக்க நேரும் என்று பயந்தார்களா? அவர்கள் பேரைச் சொல்லி ஆறுமுகம் பிள்ளை கூண்டில் சாட்சி சொன்னபோது, அவர்கள் சார்பில் குறுக்குக் கேள்வி கேட்க ஒரு வக்கீலும் இல்லை. சதிகாரர் பட்டியலிலும் தியாகிகள் பட்டியலிலும் அந்த இரண்டு பேரும் சேர்ந்தது அந்தச் சாட்சியத்தை வைத்துத்தான்.