விரலின் பிழை

காரைக்கால் 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரையில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த ஊராகையால், விடுமுறைக்குப் பாரிஸிலிருந்து பிள்ளை குட்டிகளுடன் வந்திறங்கும் குடும்பங்கள் இன்றைக்கும் இங்கே உண்டு. அவர்கள் பெட்டியைத் திறந்தால் வாசனைத் திரவியத்துக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே பிளேஸ்டேஷன் பேட் ஒன்று அகப்படுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வந்த பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் ஒரே திரைக்கு முன்னால் அமர்ந்து 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்', 'டெக்கன்' முதலிய சண்டை விளையாட்டுகளை ஆடும்போது, தோற்றவன் வாயிலிருந்து தவறாமல் வருகிற வாக்கியம், "நான் சரியாத்தான் அமுக்கினேன், பேட்தான் எடுக்கல" என்பதாகும். இந்தப் புகாரில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று சற்று நிதானமாக விசாரிக்கலாம்.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் இலக்கணம் வகுத்தது. அந்த இலக்கணத்தின் முதல் பாடம் ரியூ என்ற வீரன் உள்ளங்கைகளிலிருந்து வீசும் நெருப்புப் பந்து: கீழ், கீழ்-முன், முன் என்று மூன்று திசைகளை வரிசையாகக் கொடுத்து, முடிவில் குத்துப் பட்டனை அமுக்க வேண்டும். ஆட்டம் வினாடிக்கு 60 ஃப்ரேம்களாக ஓடுகிறபடியால் ஒரு ஃப்ரேம் என்பது ஏறத்தாழ 16.7 மில்லி வினாடி. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4'இல் சில தொடர் அடிகளுக்கு அடுத்த பட்டனை அந்த ஒரே ஃப்ரேமுக்குள் அமுக்கியாக வேண்டியிருந்தது என்றால், விரலிடம் கேட்கப்படுவது எத்தகைய சூட்சுமம் என்பது விளங்கும்.

நெருப்புப் பந்து என்ற இந்த ஒரே பிரயோகத்தை மூன்று சாதனங்களில் செய்து பார்த்தால், சாதனம் மாறும்போது பிழையின் ஜாதியும் மாறிவிடுகிறது. பேட்டில் இடது கட்டைவிரல் திசைப் பட்டனின் மேல் உருள வேண்டும். அது உருளாமல் தாவிவிட்டால் கீழும் முன்னும் பதிவாகும், நடுவிலுள்ள குறுக்குத் திசை விழுந்துபோகும். கடைகளில் இருந்த பெரிய ஆட்டப் பெட்டிகளின் வழிவந்த ஸ்டிக்கில், சாதாரணமாக ஜப்பானிய லீவரின் அடியில் சதுரமான ஒரு தடுப்பு இருக்கும். அதன் மூலையே குறுக்குத் திசை. லீவரை முஷ்டியாகப் பிடித்து வலிந்து தள்ளுகிறவன் முன்திசையில் நிற்காமல் மேல்மூலை வரை போய்விடுவதால், பந்து வீச வேண்டிய ரியூ அசட்டுத்தனமாக ஆகாயத்தில் குதிக்கிறான். மூன்றாவது, லீவரே இல்லாமல் திசைகளுக்கும் பட்டன்களையே வைத்திருக்கும் லீவர்லெஸ் பெட்டி. இதில் கீழை அமுக்கி, அதை விடாமலே முன்னை அமுக்கி, பிறகு கீழிலிருந்து மட்டும் விரலை எடுக்க வேண்டும். ஆக மூன்று திசைக்கு இரண்டு அமுக்கலும் ஒரு விடுதலையுமே போதும். எளிது போலத் தோன்றினாலும், கீழை விட்ட பிறகு முன்னை அமுக்கும் பழைய வழக்கம் போவதற்குள் பொறுமை போய்விடும்.

ஆனால் இம்மூன்றுக்கும் பொதுவான ஒரு குற்றமும் உண்டு. என் அபிப்பிராயத்தில் பெரும்பாலான தோல்விகளுக்கு அதுவே காரணம். லீவரோ கட்டைவிரலோ முன்திசைக்கு வந்து சேருமுன்பே, அவசரப்பட்டு வலது கை குத்துப் பட்டனை அமுக்கிவிடுகிறது. பயிற்சிப் பகுதியில், கொடுத்த திசைகளையும் பட்டன்களையும் திரையின் ஓரத்தில் வரிசையாகக் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது. பந்து வராத ஒவ்வொரு முறையும் கையை நிறுத்தி அந்த வரிசையைப் படித்தால், குறுக்குத் திசை விடுபட்டதா, மேல்திசை புகுந்ததா, குத்து முந்தியதா என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். பேட்டின் மீது பழி போடுகிறவர்கள் அங்கேதான் சற்று மௌனமாகிறார்கள்.

திருத்துவதற்கு உபாயம் வேகத்தைக் குறைப்பதுதான். தஞ்சை டெல்டாவில் தவில் பயிலும் பிள்ளைக்கு ஆசான் ஒரே சொற்கட்டை முதல் காலத்தில் சுத்தமாக வரவழைத்த பிறகே இரண்டாம் காலத்துக்கு ஏற்றுவது போல, திசைகளை விரல் உணரும்படி மெதுவாகக் கொடுத்து, பத்து முறை பிழையின்றி வந்த பிறகு வேகத்தைக் கூட்ட வேண்டும். எதிராளி தலைக்கு மேல் தாண்டி மறுபக்கம் போனதும் முன் என்பது பின்னாகிவிடுமாதலால், அப்பியாசம் இரு பக்கத்துக்கும் வேண்டும். வலப்பக்கம் நின்றால் கை தடுமாறுகிறவர்களே அதிகம்.

எந்தச் சாதனம் உசிதம் என்ற கேள்விக்குப் பிரான்சிலிருந்தே ஒரு திருஷ்டாந்தம் கிடைக்கிறது. 2014இல் அமெரிக்காவின் எவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில், ஸ்டிக் பிடித்த ஜாம்பவான்கள் பலர் இருக்க, 'லஃபி' என்று அறியப்பட்ட பிரெஞ்சு ஆட்டக்காரர் ஒலிவியே ஹே முதல் தலைமுறைப் பிளேஸ்டேஷனின் பழைய பேட்டைக் கொண்டே 'அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4' பட்டத்தை வென்றார். வயதும் தடையன்று: 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், நம் நாட்டின் மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் கலந்துகொண்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' பிரிவில் தங்கம் பெற்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44.

இருப்பினும் சாதனங்களுக்குள் பேதமே இல்லை என்று சாதிக்க முடியாது. லீவரை ஒரே சமயத்தில் இடமும் வலமும் சாய்ப்பது அசாத்தியம். பட்டன்களில் அது சாத்தியம். இத்தகைய பட்டன் பெட்டி ஒன்றோடு வந்த ஜப்பானின் பிரசித்தி பெற்ற வீரர் டைகோ உமெஹாராவுக்கு 2019இல் கேப்காம் போட்டித் தொடரில் அதை உபயோகிக்க அனுமதி கிடைக்கவில்லை. பின்னர் எதிரெதிர்த் திசைகள் சேர்ந்து வந்தால் இரண்டும் கணக்கில்லை என்று விதி வகுத்தார்கள். 2023 ஜூனில் வெளிவந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'இலோ ஒரே பட்டனில் பந்து வீசும் 'மாடர்ன்' முறையையே சேர்த்துவிட்டார்கள். அப்படிச் சுருக்குவழியில் வீசினால் அடியின் பலம் 20 சதவிகிதம் குறையும். அனுபவசாலிகள் சிலர் இதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது நியாயமான விலையாகவே படுகிறது.

பிரான்சில் உறவினர் இல்லாதவர்களும் ஸ்டிக் வாங்கப் பணம் சேராதவர்களும் கம்ப்யூட்டரின் கீபோர்டிலேயே தொடங்கலாம். விரல் வேலை லீவர்லெஸ் பெட்டியினுடையதேதான். மலிவான கீபோர்டுகளில் மட்டும் சில எழுத்துகளைச் சேர்த்து அமுக்கினால் மூன்றாவது எழுத்து பதிவாவதில்லை. ஆகவே ஆட்டத்துக்குள் நுழையுமுன் காலித் திரையொன்றில், திசைக்கென்று ஒதுக்கிய இரண்டு எழுத்துகளையும் குத்துக்குரிய எழுத்தையும் ஒருசேர அமுக்கிப் பார்த்து, ஏதேனும் ஒன்று வராவிட்டால் குத்தை வேறு எழுத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.