நீர் தந்த வலிமை

முதுகெலும்பினுள் செல்லும் தண்டுவடமே மூளையின் கட்டளைகளைக் கால்களுக்குக் கொண்டு செல்கிறது. 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்ட படைவீரர் முரளிகாந்த் பேட்கருக்குத் தண்டுவடம் பழுதுற்றது, கால்கள் செயலிழந்தன. சிகிச்சைக்குப்பின் மருத்துவர்கள் அவரை நீந்தச் சொன்னார்கள்.

நிற்க இயலாதவர் நீந்துவது எப்படி? நீர் உடலின் எடையைத் தாங்கிக்கொள்ளும். ஆகவே கைகளை வீசியே முன்னே செல்லலாம். நாள்தோறும் நீந்தினால் தோள்களும் மார்பும் வலுப்பெறும். கால்களின் பழைய வலிமை அவருக்குத் திரும்பவில்லை. ஆனால், மருந்துபோல் தொடங்கிய நீச்சலே 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில், 50 மீட்டர் போட்டியில், உலக சாதனையுடன் தங்கம் பெற்றுத் தந்தது. பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அது!

நம் புனேயின் கட்கிப் பகுதியில், தண்டுவடம் பழுதுற்ற படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974 முதல் இயங்குகிறது. அங்குள்ளவர்கள் சக்கர நாற்காலியில் அமர்ந்தே கூடைப்பந்து ஆடுகிறார்கள்.