எனக்கெல்லாம் வராது!

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற பழைய சாலை பசுமலையைத் தொட்டுக்கொண்டு திருப்பரங்குன்றம், திருமங்கலம் என்று நீள்கிறது. இப்படிப்பட்ட நெடுஞ்சாலைகளின் டீக்கடைகளுக்கும் லாரி நிறுத்தங்களுக்கும்தான் 1990களில் எய்ட்ஸ் தடுப்புப் பணியாளர்கள் ஓட்டுநர்களைத் தேடிப் போனார்கள். போன இடத்தில் ஒரு நம்பிக்கை குறுக்கே நின்றது. நாளெல்லாம் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் உடம்பு சூடேறிவிடும். பெண்ணிடம் போனால்தான் தணியும். இப்படி நம்புகிறவருக்கு அந்த உறவு ஆசையல்ல, வைத்தியம். வைத்தியத்துக்கு எதற்கு ஆணுறை?

1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தார்கள். பத்தே ஆண்டுகளில் எய்ட்ஸ் பட்டிதொட்டியெல்லாம் தெரிந்த பெயராகிவிட்டது. பழக்கம்தான் அவ்வளவு வேகமாக மாறவில்லை. 1992இல் ஃபிஷர் சகோதரர்கள் என்ற உளவியலாளர்கள் இதை விளக்கினார்கள்: தகவல் மட்டும் போதாது; செய்யவேண்டும் என்ற உந்துதலும், செய்துமுடிக்கும் திறனும் கூடவே வேண்டும்.

தகவல் தெரிந்தவரையும் முடக்குவது ‘எனக்கெல்லாம் வராது’ என்ற நினைப்பு. 2000களின் தொடக்கத்தில் தமிழகச் சுவர்களில் முளைத்த ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ விளம்பரம் அதைத்தான் குறிவைத்தது. இதே கேள்வியை பல்பீர் பாஷா என்ற பெயரில் கேட்ட மும்பை விளம்பரத்துக்கு இது தம்பி முறை. ஊரே கேலியாகக் கேட்டது. ஆனாலும் வாய்விட்டுக் கேட்டதே! பெயர்தான் கொஞ்சம் வினையானது. எய்ட்ஸ் என்றாலே யாரோ ஒரு மைனரின் நோய் என்று ஒதுக்கிவிடவும் அது வழிசெய்தது.

பாலியல் தொழிலாளிக்குச் சிக்கல் வேறு. ஆணுறை வேண்டாம் என்று கூடுதல் பணம் நீட்டும் வாடிக்கையாளரை மறுக்கத் துணிவும் வேண்டும், பக்கத்தில் நாலு பேரும் வேண்டும். சக தொழிலாளர்களையே பயிற்றுவித்துக் களமிறக்கிய திட்டங்கள் அதனால்தான் பலன் தந்தன. பொதுமக்களிடமும் தொற்று தணிந்தது: தென் மாநிலங்களில் 15–24 வயதுக் கர்ப்பிணிகளிடம் எச்.ஐ.வி. 2000இல் 1.7 விழுக்காடாக இருந்து, 2004இல் 1.1 ஆகக் குறைந்ததை 2006இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது.

ஆனால் வீட்டுக்குள்? சுனிதி சாலமனின் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த, எச்.ஐ.வி. தொற்றிய 134 பெண்களை ஆராய்ந்து 2000இல் வெளியான கட்டுரையில், 88 விழுக்காட்டினர் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்தவர்கள். கட்டின புருஷனிடம் ஆணுறை கேட்டால், ‘என்மேல் சந்தேகமா? இல்லை, உன்மேல்தான் சந்தேகப்படணுமா?’ என்று பேச்சு திரும்பும். அந்தப் பயத்தில் பலர் கேட்பதேயில்லை.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். முடிவை ரகசியமாக வைப்பார்கள். கூச்சப்படுகிறவர்கள் 1097க்கு அழைத்துப் பேசலாம்.