பழைய சேலையில் ஒரு கிறிஸ்துமஸ் பரிசு

மும்பையில் கிறிஸ்துமஸ் என்றால் பலருக்கும் பாந்திரா ஹில் ரோடும் கேக் கடைகளும்தான் நினைவுக்கு வரும். நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி இங்கே வந்து சேர்ந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கோ அது முந்திரிக்கொத்து வாசனையோடு வரும். பாசிப்பயற்றை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மும்மூன்றாக ஒட்டி, அரிசி மாவில் தோய்த்துப் பொரித்தெடுத்தால் இரண்டு வாரம் ஆனாலும் கெடாது. ரயிலில் ஒன்றரை நாள் குலுங்கினாலும் உடையாது என்பதை நம் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை!

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு உறவினர்களுக்குக் கொடுக்கும் பரிசு கையால் செய்ததாக இருக்க வேண்டும். இதை ஏற்படுத்தியவர் என் மாமியார். அத்தை இடையன்குடிப் பக்கத்தவர். கால்டுவெல் ஐயர் 1841-ல் அந்த ஊருக்கு வந்ததும், பின்னர் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டதும் தமிழ் படித்தவர்கள் அறிந்ததே. அவருடைய துணைவியார் எலைசா அம்மையார் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எலைசாவின் தாயார் மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவிலில் தொடங்கி வைத்த கைத்தொழில் அது. பல ஏழைப் பெண்களுக்குச் சொந்த வருமானம் என்ற ஒன்றைக் காட்டியது அந்த நூல்தான். ஒப்பிலக்கணத்துக்குக் கிடைத்த புகழில் கால் பங்காவது அதற்கும் கிடைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அத்தைக்கு அந்த லேஸ் தெரியாது, குரோஷா ஊசிதான். தலையணை உறை, கைக்குட்டை ஓரம், டி.வி. மேல் போடும் விரிப்பு என்று செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடுவார். டோம்பிவிலியிலிருந்து ஊருக்குப் போகும் யாராவது ஒருவர் பெட்டியில் அந்தப் பொட்டலத்துக்கு இடம் இருக்கும்.

2024 ஜூன் மாதம் அத்தை காலமானார்.

துக்க வருடத்தில் எங்களவர்கள் வீட்டில் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை, ஸ்டார் கட்டுவதில்லை. அக்கம்பக்கத்தாரும் உறவினரும் கொண்டுவந்து கொடுப்பதுதான் பலகாரம். அப்படியானால் பரிசும் வேண்டாமே என்றார் என் கணவர். ஊரிலிருந்து மைனி போனில் கேட்டது வேறு. "அம்மா சேலையை எல்லாம் என்ன செய்யப் போறே? ஆளுக்கு ஒண்ணாவது அனுப்பு" என்றார்.

பீரோவைத் திறந்தோம். இருபத்திரண்டு சேலைகள். இருபது, துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிவிட்ட நூல் சேலைகள். பாதிக்கு மேல் சின்னாளப்பட்டிச் சுங்குடி. பட்டு இரண்டே இரண்டு. பிள்ளைகளோ நான்கு பேர். அந்தப் பட்டு யாருக்கு என்பதில் ஏற்கெனவே மெல்லிய முணுமுணுப்பு இருந்தது. அடக்கம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் உடன்பிறந்தவர்கள் பட்டுக்காக முகம் திருப்பிக்கொள்வார்களோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

வழி காட்டியவர் எதிர்வீட்டு மராத்தி ஆஜி. அவர்கள் ஊர்ப்பக்கம் பழைய சேலைகளை அடுக்கிக் கோதடி தைப்பது வழக்கம். பாட்டியின் சேலையில் தைத்த கோதடியில் பேரன் தூங்குவான். "நான்கு கோதடி போடு. எல்லாருக்கும் எல்லாச் சேலையும் கிடைக்கும்" என்று அவர் சொன்னபோது, அரைகுறை மராத்தியில் மூன்று முறை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டேன்.

செய்முறை சுலபம், பொறுமைதான் வேண்டும். சேலையை நடுவில் வெட்டி, இரண்டு பாதிகளையும் பக்கவாட்டில் இணைத்தால் கட்டில் அகலம் வந்துவிடும். அப்படி ஐந்து சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, சுருக்கம் நீவி, முதலில் பெரிய தையலாக ஓட்டிக்கொள்ள வேண்டும். பிறகு ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி ஒரு விரல் இடைவெளியில் வரிவரியாக ஓட்டுத் தையல். மராத்தியில் இதற்கு தாவ்தோரா என்று பெயர். தையல் இயந்திரத்தில் ஓட்டலாமே என்று என் மகன் கேட்டான். ஓட்டலாம். அத்தை இருந்திருந்தால் ஊசியை அவன் கையில் கொடுத்திருப்பார். நானும் அதைத்தான் செய்தேன். பிளஸ் டூ படிக்கும் பையன் ஞாயிறு மதியங்களில் மொத்தம் பதினோரு வரி தைத்தான். கோணல்தான், ஆனால் அவனுடையது எது என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம்.

பட்டில் கத்தரி வைக்கும்போது என் கணவர் அறையை விட்டு எழுந்து போய்விட்டார். கல்யாணத்தன்று அத்தை உடுத்திய அரக்குச் சேலை அது. அதன் கரையை நான்காகப் பிரித்து ஒவ்வொரு கோதடிக்கும் தலைமாட்டில் வைத்துத் தைத்தேன். மற்றொரு பட்டின் முந்தானை நடுவில் சதுரங்களாகப் போயிற்று. ஜூலையில் தொடங்கியது நவம்பர் கடைசியில் முடிந்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. யார் பெட்டியிலும் திணிக்க முடியாது என்பதால் மூன்றைத் தபாலில் அனுப்பினோம்.

கிறிஸ்துமஸ் காலையில் கோயில் முடிந்து வந்ததும் மைனி போன் செய்தார். "ஊர்ல ஏது குளிரு? இதைப் போர்த்தினா வேர்த்துக் கொட்டுமே" என்றார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, துவைத்தால் அம்மாவின் வாசனை போய்விடுமா என்று கேட்டார்.