டர்போ மேல பழி போடாதீங்க!

பத்மநாபபுரம் அரண்மனை முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்னு பாருங்க. கே.எல். நம்பர், டி.என். நம்பர்னு கார்கள் வரிசை கட்டி நிற்கும். ஒரு காலத்தில் இந்த வரிசையில் 'டர்போ'ன்னா அது பெரும்பாலும் டீசல் வண்டிதான். இன்னிக்கு அப்படியில்லை. குட்டி பெட்ரோல் கார் பின்னாடியும் 'டர்போ' ஸ்டிக்கர் மின்னுது!

2013-ல ஃபோர்டு ஈகோஸ்போர்ட் ஈகோபூஸ்ட், ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2017-ல டாடா நெக்ஸான், 2019-ல ஹூண்டாய் வென்யூ என்று ஒவ்வொண்ணா வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி அமலானதும் மாருதி டீசல் காரையே நிறுத்திடுச்சு. ஆக, டர்போவும் ஸ்பார்க் பிளக்கும் ஒரே இன்ஜினுக்குள்ள குடித்தனம் பண்ற காலம் இது. டீசல் டர்போவில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதனால இந்தப் பிரச்சினை பல பேருக்குப் புதுசு.

என் ஃப்ரெண்ட் வீட்டுக்கும் புதுசுதான். அவன் அப்பா வளைகுடாவில் சம்பாதிச்ச காசில் செகண்ட் ஹேண்டில் வாங்கினது, மூணு சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார். வீட்டு வாசலில் நிற்கும்போது தங்கமான பிள்ளை. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏ.சி. போட்டு நாலாவது கியரில் ஏறினா மட்டும் ஜெர்க்... ஜெர்க்... மிஸ்ஸிங்! டேஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் வேற விட்டு விட்டு எரியுது. ஒரு ஒர்க் ஷாப்பில் ஓட்டிப் பார்த்துட்டு, "டர்போ போச்சு, மாத்தணும்" என்று ஒரு தொகை சொன்னாங்க. எங்க ஒரு வருஷ காலேஜ் ஃபீஸை விட அதிகம். அங்கிள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமா இருந்தது.

கடைசி முயற்சியா தக்கலையில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனோம். அம்பாஸடர் காலத்து ஆள். ஆனா கையில் ஸ்கேனர்! அதைச் சொருகினதும் 'பி0302' என்று கோடு வந்தது. கடைசி நம்பர்தான் விஷயம். இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். 'பி0300' என்று வந்தால் குறிப்பிட்ட சிலிண்டர் இல்லாமல் அங்கங்கே மிஸ் ஆகுதுன்னு அர்த்தம்.

அண்ணன் சிரிச்சார். "மக்ளே, டர்போ ஒண்ணுதான். மூணு சிலிண்டருக்கும் சேத்துதான் அது காத்து அடிக்கு. அது கெட்டா மூணும் அழணும். ஒண்ணு மட்டும் அழுதுன்னா அதுக்க வீட்டுலதான் பிரச்சினை, கேட்டியா?"

மூணு வருஷம் மெக்கானிக்கல் படிச்ச எனக்கு இது தோணலையே பாஸ்!

மேட்டில் மட்டும் ஏன் மிஸ்?

டர்போ புகையின் வேகத்தில் சுத்துற சின்னக் காத்தாடி. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல சுத்தி, காத்தை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். பூஸ்ட் 1 பார் என்றால், உள்ளே போற காத்தின் அழுத்தம் வெளிக்காத்தைப் போல இரண்டு மடங்கு. அதை பிஸ்டன் இன்னும் நசுக்கும்.

1889-ல் ஜெர்மன் விஞ்ஞானி பாஷென் ஒரு விதி கண்டுபிடிச்சார். இரண்டு முனைக்கு நடுவே தீப்பொறி தாவ எத்தனை வோல்ட் வேணும் என்பது, காத்தின் அழுத்தத்தையும் முனைகளின் இடைவெளியையும் பெருக்கினால் வரும் எண்ணைப் பொறுத்தது. சாதாரணக் காத்தில் 1 மி.மீ. தாண்டவே 3,000 வோல்ட்டுக்கு மேல் வேணும். நசுக்கின காத்தில் இது பல மடங்கு எகிறும். காயிலால் அவ்வளவு கொடுக்க முடியாதபோது பொறி தாவாது. அந்தச் சிலிண்டர் அந்த முறை லீவு!

சும்மா நிற்கும்போது பூஸ்ட் இல்லை, பொறி சுலபமா தாவுது. மேட்டில் பெரிய கியரில் மிதிக்கும்போது பூஸ்ட் ஏறுது, பொறி திணறுது. இதனாலதான் டர்போ இல்லாத இன்ஜினில் பிளக் கேப் 1 மி.மீ. பக்கம் இருந்தால், டர்போவுக்கு 0.7, 0.8 மி.மீ. என்று குறைச்சு வைப்பாங்க. ஓட ஓட முனை தேஞ்சு கேப் கூடும். தேஞ்ச பிளக் முதலில் காட்டிக்கொடுப்பது மேட்டில்தான்.

லைட் கண் சிமிட்டினால்...

3,000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 25 தடவை வெடிக்கும். அதில் ஒண்ணு தவறினால்கூட கிராங்க் ஷாஃப்ட் ஒரு துளி மெதுவாகும். அதை சென்சார் பிடிச்சு கம்ப்யூட்டருக்குச் சொல்லிடும். செக் இன்ஜின் லைட் நிலையா எரிஞ்சா, சீக்கிரம் காட்டுங்க. விட்டு விட்டு எரிஞ்சா, ஆக்ஸிலேட்டரை விட்டு ஓரமா நிறுத்துங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அது உருகினால், நூறுகளில் முடிய வேண்டிய பிளக் செலவு ஆயிரங்களில் போய் நிற்கும்.

மாத்திப் பாரு, வாங்கிப் பாக்காதே!

இதுதான் அண்ணனின் தாரக மந்திரம். இன்ஜின் ஆறினதும், ஆஃப் பண்ணி, 2-ம் சிலிண்டர் காயிலை 3-க்கும், 3-ஐ 2-க்கும் மாத்தினார். கோடை அழிச்சு, அதே மேம்பாலத்தில் ஒரு ரவுண்டு. மறுபடியும் பி0302. காயில் நிரபராதி! அடுத்து 2-ம் பிளக்கை 1-க்கு மாத்தினார். ரவுண்டு போனதும் பி0301. கோடு பிளக் கூடவே நடந்து போயிடுச்சு. குற்றவாளி சிக்கினான்! இதுவரை செலவு? டெஸ்ட் போன பெட்ரோல் மட்டும்.

ஃபீலர் கேஜ் வச்சு அளந்தால் அந்த பிளக்கில் கேப் 1.1 மி.மீ. மேனுவலில் போட்டிருந்தது 0.8. யாரோ டர்போ இல்லாத மாடலின் பிளக்கை மூணிலும் மாட்டியிருக்காங்க. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், திரெட்டும் சேரும்.

பிளக்கை மாத்தியும் கோடு 2-லயே நின்றிருந்தால்? அப்போ இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம் போகணும். டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் பைப்பில் ரொம்ப அதிக அழுத்தம் இருக்கும். அதில் நாம கை வைக்கக் கூடாது.

பிளக் முகம் சொல்லும் ஜாதகம்

லேசான பழுப்பு, சாம்பல் நிறம் - நல்ல ஆரோக்கியம். காஞ்ச கரி - பெட்ரோல் அதிகம், இல்லைன்னா எங்கோ காத்து லீக். டர்போ ஹோஸ் கிளிப் லூஸா என்று பாருங்க. எண்ணெய்ப் பிசுக்கு - ஆயில் உள்ளே வருது. மூணு சிலிண்டரிலும் பிசுக்கு, நீலப் புகை, இழுவை இல்லை என்றால் அப்போதான் டர்போ மேல சந்தேகப்படலாம். வெள்ளை வெளேர்னு கொப்புளம் - அதிகச் சூடு. பீங்கானில் முடி மாதிரி கறுப்புக் கோடு - விரிசல். அந்த பிளக் கீழே விழுந்த பிளக்கா இருக்கலாம்!

நம்ம மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். மழைக்கும் வாட்டர் வாஷுக்கும் அப்புறம் மிஸ் ஆனால், பிளக் குழியில் தண்ணி நிக்குதா என்று முதலில் பாருங்க.

அண்ணன் தந்த டிப்ஸ்

* பிளக்கைப் பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்க. என்.ஜி.கே.வில் நம்பர் கூடினால் சூட்டைச் சீக்கிரம் கடத்தும் 'கோல்டு' பிளக். போஷில் நேர் எதிர்!

* கழட்டும் முன் குழியில் ஏர் அடிங்க. மண் சிலிண்டருக்குள் விழக் கூடாது.

* இரிடியம் முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீங்க.

* முதலில் கையால் திரெட் ஏத்துங்க. அப்புறம் மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச். அலுமினிய ஹெட் திரெட் போனால் போச்சு.

* அம்பாஸடரில் ஓடும்போதே பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பாங்க. இதில் அது வேண்டாம். ஷாக்கும் அடிக்கும், கன்வெர்ட்டரும் கெடும்.

* எத்தனை கிலோமீட்டரில் மாத்தணும் என்பதற்கு மேனுவல்தான் வேதம்.

சரியான பிளக் மூணு மாட்டி, அங்கிளே ஸ்டியரிங் பிடிச்சார். மேம்பாலம், ஏ.சி., நாலாவது கியர். எல்லாரும் மூச்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தோம். வண்டி சத்தமில்லாமல் ஏறி இறங்கிடுச்சு. லைட் எரியலை.

திரும்பி வந்ததும் கழட்டின அந்த பிளக்கை அண்ணன் என் கையில் கொடுத்தார். "காலேஜுக்குக் கொண்டு போ மக்ளே. 0.3 மில்லிமீட்டர் எவ்வளவு பெருசுன்னு எல்லாருக்கும் காட்டு!"