சுவீடனில் லூசியா திருநாள்

டிசம்பர் 13 புனித லூசியாவின் திருநாள். சிசிலித் தீவின் சிரகூசா நகரில், கி.பி. 304-ஆம் ஆண்டளவில் வேதசாட்சியாக உயிர்நீத்த கன்னிகை அவர். கண்நோய் உற்றோர் அவரிடம் மன்றாடுவது வழக்கம். அந்தப் புனிதையை, லுத்தரன் சபையினர் மிகுந்த சுவீடன் நாட்டில் ஊர் கூடிக் கொண்டாடுகிறார்கள் என்றால் வியப்பாக இல்லையா, தோழியரே?

காரணம் இருட்டுதான். சென்ற டிசம்பரில் எங்கள் ஆச்சி, ஸ்டாக்ஹோமில் வாழும் சித்தி வீட்டுக்குச் சென்றிருந்தார்கள். கடம்பூரில் ஆறரை மணிக்கெல்லாம் கரிசல்காட்டில் வெயில் விழுந்துவிடும். அங்கோ காலை எட்டரைக்கு மேல்தான் சூரியன் எழும். பிற்பகல் மூன்று மணிக்குள் மறைந்துவிடும். பத்தே நாளில் ஆச்சி, "என்னை ஊரில் கொண்டுபோய் விட்டுரு" என்று அழத் தொடங்கிவிட்டார்களாம். சோறும் இறங்கவில்லை. சித்தி பயந்தே போனார்கள்.

பழைய நாட்காட்டிப்படி லூசியா இரவே ஆண்டின் நீண்ட இரவு என்று அந்நாட்டு மக்கள் கருதினர். 1753-ல் புதிய நாட்காட்டி வந்தது. விழா நாள் மாறவில்லை. லத்தீனில் 'லூக்ஸ்' என்றால் ஒளி. லூசியா என்ற பெயரே அதிலிருந்து பிறந்ததுதான்.

அன்று விடியுமுன் ஒரு சிறுமி வெள்ளை அங்கி உடுத்து, இடையில் சிவப்புப் பட்டி கட்டி, தலையில் மெழுகுதிரி முடி சூடிப் பாடி வருவாள். தோழியர் திரிகளுடனும், சிறுவர் நட்சத்திரம் ஒட்டிய கூம்புத் தொப்பிகளுடனும் பின்தொடர்வர். பள்ளி, ஆலயம், மருத்துவமனை எங்கும் இப்பவனி உண்டு. இப்போது பல முடிகளில் எரிவது பேட்டரி விளக்கு. முடி பிழைத்தது!

சித்தியின் மகளும் பள்ளிப் பவனியில் நடந்தாள். இருண்ட கூடத்தில் அந்த ஒளி வரிசை நுழைந்ததும் ஆச்சி எழுந்து நின்று, "விடிஞ்சிட்டு தாயி!" என்றார்களாம். வெளியே இன்னும் கும்மிருட்டு. அன்று குங்குமப்பூ சேர்த்த மஞ்சள் ரொட்டியை இரண்டாகக் கேட்டு உண்டார்கள். அந்நாட்டார் வேறு ரொட்டிகளில் ஏலக்காயும் சேர்ப்பார்கள். அதைத் தின்றபோது நம்மூர்ப் போளி நினைவு வந்ததாம்.

திருவருகைக் கால ஞாயிறுகளில் ஒவ்வொன்றாக நான்கு திரிகள் ஏற்றுவார்கள். அதற்குத் தீக்குச்சி உரசியது ஆச்சிதான். இளமையில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர்கள் அல்லவா! பாதுகாப்புத் தீக்குச்சிக்கு 1844-ல் காப்புரிமை பெற்ற குஸ்தாவ் எரிக் பாஷ் ஒரு சுவீடன்காரர். சிவப்புப் பாஸ்பரஸைக் குச்சித் தலையில் வைக்காமல், உரசும் பரப்பில் பூசியதே அதன் நுட்பம். கண்ட இடத்தில் உரசினால் பற்றாது. 1923-ல் நம் நாட்டில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தொடங்கியதும் சுவீடன் நிறுவனமே. இதைச் சித்தி சொன்னபோது, "அப்போ நான் இவங்களுக்குச் சொந்தந்தான்" என்றார்களாம் ஆச்சி.

பெருவிழா அங்கே டிசம்பர் 24 மாலையிலேயே. அரிசிப் பாற்கஞ்சியில் ஒரேயொரு வாதுமைப் பருப்பை ஒளித்து வைப்பார்கள். அது கிடைத்தவருக்கு அடுத்த ஆண்டு திருமணம் என்பது நம்பிக்கை. கிடைத்தது எழுபது வயது ஆச்சிக்கு!

ஜனவரி 13-ல் மரத்து அலங்காரத்தைக் களைந்து, மரத்தை வெளியேற்றிய பிறகே விழாக்காலம் முடியும். அதையும் பார்த்துவிட்டுத்தான் ஆச்சி திரும்பினார்கள். எங்களுக்குக் கொண்டுவந்தது சிவப்பு நாடா கட்டிய வைக்கோல் ஆடு. சுவீடனில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் வைப்பது. எங்கள் வீட்டு வெள்ளாட்டுக்கு எட்டாதபடி அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம்.