மாறாத ஒரு முகம்



நோயாளிகளின் படுக்கையருகே அமர்ந்து பேசும்போது நாங்கள் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. பேச்சு வியாதியில் தொடங்கும். தாய் தகப்பனில் வந்து முடியும். பேரன் பேத்தி எடுத்தவர்களும், "எங்கள் அப்பா ஒருநாளும் என்னைத் தூக்கியதில்லை" என்று கண்கலங்குவார்கள். சிறு பிராயத்துக்கு ஏன் இத்தனை வலிமை?

பிரிட்டனின் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி, 1951-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தம் அறிக்கையில் இதற்கு விடை சொன்னார். உடலுக்குச் சத்துணவு எப்படியோ, மனதுக்குத் தாயன்பு அப்படியே. பெற்ற தாய் இல்லாவிடில், அந்த ஸ்தானத்தில் நிலையாக நிற்கும் ஒருவர் வேண்டும்.

பிள்ளை அழும்போது அதே கை தூக்குகிறது. பயப்படும்போது அதே குரல் தேற்றுகிறது. நாள்தோறும் இப்படி நடக்க நடக்க, "எனக்கென்று ஒருவர் உண்டு" என்ற நிச்சயம் உள்ளத்தில் பதிகிறது. வளர்ந்தபின் பிறரை நம்புவதற்கும், துக்கத்தில் உதவி கேட்பதற்கும், மண வாழ்வில் ஒருவரையொருவர் தாங்குவதற்கும் இந்த நிச்சயமே துணை நிற்கிறது.

இதில் தகப்பனுக்கும் பங்குண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைக் கவனித்து 1964-இல் வெளியான ஆய்வில், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தகப்பனோடும் ஒட்டிக்கொண்டிருந்தன. பாலூட்டாதவராயினும், அழுகைக்குச் செவிகொடுத்து விளையாடுகிறவரைப் பிள்ளை தேடும்.

அப்படி ஒருவருமே இல்லாமற்போனால்? 1989-இல் ருமேனியாவில் ஆட்சி கவிழ்ந்தபோது, அரசு விடுதிகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கிடந்தது உலகுக்குத் தெரிந்தது. அநேகம் தொட்டில்களுக்கு ஒரே பணிப்பெண். அவரும் முறைக்கு முறை மாறுவார். இவர்களில் பிரிட்டிஷ் குடும்பங்கள் தத்தெடுத்த 165 பிள்ளைகளை ஆய்வாளர் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். 6 மாதத்துக்குள் விடுதியைவிட்டு வந்தவர்கள் மற்றத் தத்துப்பிள்ளைகளைப் போலவே வளர்ந்தனர். அதற்குமேல் அங்கே இருந்தவர்களில் பலருக்கு, அன்பான பெற்றோர் கிடைத்தும், பிறரோடு பழகுவதிலும் கவனம் செலுத்துவதிலும் உள்ள குறைகள் 20 வயதைத் தாண்டியும் தொடர்ந்தன. ஆயினும் அவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எந்த வயதிலும் குறைவின்றி இருந்தார். இழப்பு பெரிது, நம்பிக்கைக்கும் இடமுண்டு.

இந்த ஊழியத்தைத் தாங்கிவரும் உங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. பிள்ளைகள் விடுதிக்குக் காணிக்கை அனுப்புமுன், கட்டிடத்தை விசாரிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இரவில் விழித்தழும் பிள்ளையைத் தூக்குகிறவர் யார், அவர் அடுத்த ஆண்டும் அங்கே இருப்பாரா என்றும் கேளுங்கள். வறுமையினால் மட்டும் பிள்ளையை விடுதியில் விடவரும் தாய்க்கு, அந்தக் காணிக்கை வீட்டிலேயே கிடைத்தால் பிள்ளை அவள் மடியிலேயே வளரும். உங்கள் தெருவில் தகப்பனில்லாத பிள்ளை இருந்தால், மாமாவாக, பெரியம்மாவாக, ஞாயிறு பள்ளி ஆசிரியராக நிலைத்து நில்லுங்கள். கிறிஸ்துமஸ் நாளில் ஒருமுறை தரும் புத்தாடை அடுத்த ஆண்டு சிறிதாகிவிடும். வாரந்தோறும் வாசலில் தெரியும் அதே முகத்தை அந்தப் பிள்ளை முதுமையிலும் மறவாது.